ஒரு ஜோடி ஸ்பீக்கர்களும் மூலம் என்ற பிரச்சினையும்

தமிழில் ஒலிபெருக்கி என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டோம். சொன்னவுடன் மனதில் எழுவது கோயில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் தேர்தல் மேடையிலும் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்ட குழாய்தான். அந்தச் சாதனத்துக்கு அந்தச் சொல் பொருத்தமே. அது பெருக்குகிறது, வேறெதற்கும் பொறுப்பேற்றுக்கொள்வதில்லை. ஆனால் அறைக்குள் வைத்துச் சங்கீதம் கேட்பதற்கென்று செய்யப்பட்ட பெட்டிகளின் சரித்திரம் வேறு. அவற்றைச் செய்தவர்கள் பெருக்கத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. பிரதி செய்வதைப் பற்றிப் பேசினார்கள். கடைப்பலகைகளில் ஹை ஃபை என்று சுருங்கிப்போன வார்த்தைக்கு நேர் அர்த்தம் உயர்ந்த விசுவாசம் என்பது. யாருக்கு விசுவாசம், எந்த மூலத்துக்கு விசுவாசம் என்று கேட்டால் இந்தத் துறைக்காரர்கள் எரிச்சல் அடைவார்கள். வாசிப்பவர் எதிரே இருந்தால் எப்படிக் கேட்குமோ அப்படி, அவ்வளவுதானே என்பார்கள்.

இலக்கியப் பத்திரிகையில் இது எதற்கு என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். மூலபாடம், பதிப்பு, மொழிபெயர்ப்பு என்றெல்லாம் நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பிரச்சினைகள் தாளிலும் ஓலையிலும் மட்டும் இருப்பதாக ஒரு நினைப்பு. அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு ஜோடி ஸ்பீக்கர்களைச் சமீபத்தில் பிரித்துச் சரிசெய்ய நேர்ந்தது. கையில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு, எது மூலம் என்று தெரியாமல் நான் நின்ற தருணங்கள் அதில் உண்டு. அதைச் சொல்வதற்கு முன் இந்தப் பெட்டிகளின் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஆரம்பத்தில் குழாய்தான் இருந்தது. கலிஃபோர்னியாவின் நாப்பாவில் பீட்டர் ஜென்ஸனும் எட்வின் பிரிதமும் காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச் சுருளை அசையவிட்டு, அந்த அசைவைக் குழாய் வழியே வெளியே அனுப்பினார்கள். அது 1915. 1919 செப்டம்பரில் ஸான் டியகோ மைதானத்தில் ஜனாதிபதி வில்ஸன் சர்வதேச சங்கத்துக்கு ஆதரவு தேடிப் பேசியபோது, ஐம்பதாயிரம் பேருக்கு அவர் குரலைக் கொண்டுசேர்த்தது அந்தக் குழாய்தான். மேடைப் பேச்சின் சரித்திரத்தில் இது பெரிய விஷயம். நம் ஊர் மேடைகளின் சரித்திரமும் ஏதோ ஒரு வகையில் அங்கிருந்து கிளைக்கிறது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். 1925-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் குழாயைத் தூக்கி எறிந்தார்கள். அந்தச் சுருளைக் காகிதக் கூம்பு ஒன்றோடு ஒட்டி, கூம்பே நேராகக் காற்றைத் தள்ளும்படி செய்தார்கள். இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் டெலிபோன் வரைக்கும் எல்லாமே அந்த 1925-ன் வாரிசுகள்தாம்.

கூம்பில் ஒரு சங்கடம் உண்டு. அது முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. தாழ்ந்த ஸ்வரங்களில் முன்னலையும் பின்னலையும் பக்கவாட்டில் சுற்றி வந்து ஒன்றை ஒன்று அழித்துவிடும். ஆகவே பெட்டி வேண்டியிருக்கிறது. தாழ்ந்த ஸ்வரம் வேண்டுமானால் பெரிய பெட்டி, இன்னும் தாழ வேண்டுமானால் இன்னும் பெரிய பெட்டி என்றே இருபத்தைந்து வருஷம் நினைத்தார்கள். பால் க்ளிப்ஷ் செய்த மூலைக் குழல் அலமாரி அளவுக்கு இருந்தது. வசதியுள்ளவர்கள் வீட்டில் சுவரை இடித்து ஸ்பீக்கரைப் பதித்தார்கள்.

எட்கர் வில்ச்சர் என்பவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலியியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்த விஷயம் எளிமையானது. எளிமையாக இருந்ததால்தான் மற்றவர்கள் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். முன்னே போன கூம்பை அதன் இடத்துக்கு இழுத்துவர ஒரு ஸ்பிரிங் வேண்டும். அந்த வேலையைக் கூம்பின் விளிம்பில் இருக்கும் விறைப்பான வளையம் செய்துகொண்டிருந்தது. கூம்பு கொஞ்சம் அசையும்போது அது ஒழுங்காக இழுக்கும். அதிகம் அசைந்தால் முரண்டு பிடிக்கும். தாழ்ந்த ஸ்வரத்துக்குத்தான் கூம்பு அதிகம் அசைய வேண்டும். எனவே எங்கே விசுவாசம் மிகவும் தேவையோ அங்கே துரோகம் நடந்தது. வில்ச்சர் விளிம்பைத் துவளத் துவள விட்டுவிட்டார். பெட்டியைச் சிறிதாக்கிக் காற்றுப் புகாமல் அடைத்தார். உள்ளே அகப்பட்ட காற்றே ஸ்பிரிங்காயிற்று. சின்ன அசைவுகளுக்கு, எந்த உலோகத்தையும் துணியையும்விட காற்று ஒழுங்கான ஸ்பிரிங். வெளியே தனியாக வைத்தால் ஒரு விநாடிக்குப் பதினெட்டு தடவை அசைய விரும்பும் கூம்பு, பெட்டிக்குள் போனதும் நாற்பத்து மூன்றுக்கு ஏறிவிடுகிறது. கணக்கு அப்படி ஏறும் என்று தெரிந்தே போட்டது.

முதல் மாதிரிக்கு மெத்தை உறைத் துணியை வெட்டிக் கூம்பின் விளிம்பாக ஒட்டினார்கள். அந்தத் துணிக்கு அளவு வரைந்து வெட்டிக் கொடுத்தவர் அவர் மனைவி ரோஸ்மேரி. யுத்த காலத்தில் வரைபட வேலை செய்தவர். காப்புரிமைப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லை. இத்தகைய பத்திரங்களில் துணி தைத்தவர்கள் பெயர் இருப்பதில்லை. 1954-ல் வில்ச்சரும் அவரது மாணவர் ஹென்றி க்ளாஸும் மாஸச்சூஸட்ஸில் உள்ள கேம்பிரிட்ஜில் அக்கௌஸ்டிக் ரிஸர்ச் என்று ஒரு சிறு கம்பெனி ஆரம்பித்தார்கள். சுருக்கமாக ஏ.ஆர். காப்புரிமை 1956 டிசம்பரில் கிடைத்தது. பிறகு எலெக்ட்ரோ வாய்ஸ் கம்பெனியோடு வழக்கு வந்தது. ஆர்.ஸி.ஏ.யின் ஹாரி ஆல்ஸன் இதைப் போல ஒன்றை முன்பே பதிவு செய்திருந்தார் என்பது வாதம். காப்புரிமை நிற்கவில்லை. வில்ச்சர் மேல்முறையீடு செய்யவில்லை. பிரதிகளின் சரித்திரத்தை எழுதப் புகுந்தால் மூலவர் யார் என்ற தகராறு இப்படி முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது.

க்ளாஸ் 1957-ல் பிரிந்துபோய் மால்கம் லோ, ஆன்டன் ஹாஃப்மன் இருவரோடும் சேர்ந்து கே.எல்.எச். என்ற கம்பெனியைத் தொடங்கினார். இந்த ஹாஃப்மன், பியானோ மேதை ஜோஸஃப் ஹாஃப்மனின் மகன். தகப்பனார் சிறுவனாக இருந்தபோதே எடிசனின் உருளையில் வாசித்துப் பதிவு செய்தவர். மகன் ஸ்பீக்கர்களின் இரும்பு விதியை எழுதினார். சிறிய பெட்டி, தாழ்ந்த ஸ்வரம், குறைந்த மின்சக்தியில் உரத்த சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் அடையலாம், மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அது. ஏ.ஆர். விட்டுக்கொடுத்தது மூன்றாவதை. அதன் பெட்டிகளுக்குச் சக்தி நிறைய வேண்டும். கம்பத்துக் குழாய்க்கு நேர் எதிர். பெருக்குவதில் மிக மட்டமான ஒலிபெருக்கி என்றே சொல்லலாம்.

இனி அந்த நாடகத்துக்கு வருகிறேன். 1960 முதல் சில வருஷங்கள், ஏ.ஆர். கம்பெனியும் டைனக்கோ கம்பெனியும் சேர்ந்து அமெரிக்க ஊர்களில் கச்சேரிகள் நடத்தின. ஃபைன் ஆர்ட்ஸ் க்வார்ட்டெட் என்ற நால்வர் குழு மேடையில் உட்கார்ந்து வாசிக்கும். வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஓரிடத்தில் வில்லைத் தந்தியிலிருந்து மயிரிழை உயர்த்தி, வாசிப்பதுபோல் பாவனை செய்வார்கள். பக்கத்தில் இருக்கும் ஏ.ஆர்.3 பெட்டிகள் முன்பே பதிவு செய்த அதே பகுதியை அந்த இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். பிறகு மறுபடி மனிதர்கள். எங்கே மாறியது என்று சபையில் பெரும்பாலானவர்களால் சொல்ல முடியவில்லை. இதற்கென்று செய்த பதிவு மண்டபத்தில் செய்யப்படவில்லை. எதிரொலியே இல்லாத திறந்த வெளியில் செய்யப்பட்டது. மண்டபத்தில் பதிந்தால் அந்த மண்டபத்தின் எதிரொலியும் கச்சேரி மண்டபத்தின் எதிரொலியும் இரட்டித்துப் போகும். அதாவது, மூலத்தை ஒத்த பிரதி வேண்டுமென்றால் மூலத்தையே அதற்குத் தக்கபடி உலர்த்தி எடுக்க வேண்டியிருந்தது. வேறொரு காட்சியில் நால்வர் குழுவுக்குப் பதிலாக 1910-ல் செய்த நிக்கலோடியன் ஒன்றை வைத்தார்கள். காசு போட்டால் தானே வாசிக்கும் பழைய இயந்திரம் அது. இயந்திரத்துக்கு இயந்திரம் விசுவாசமாக இருந்ததை ஜனங்கள் டிக்கெட் வாங்கி நின்று வியந்தார்கள்.

இது புதிய நாடகமும் அல்ல. எடிசன் கம்பெனி 1915-லிருந்து பத்து வருஷம் ஊர் ஊராக இதையே செய்தது. பாடகி பாடிக்கொண்டிருப்பார், விளக்கை அணைப்பார்கள், விளக்கு எரியும்போது மேடையில் பாடகி இருக்க மாட்டார், கிராமபோன் மட்டும் பாடிக்கொண்டிருக்கும். அன்னா கேஸ் என்ற பாடகி மிகப் பிற்காலத்தில், இயந்திரத்தின் குரலுக்கு ஏற்றபடி தன் குரலை அடக்கிக்கொண்டு பாடியதாக ஒப்புக்கொண்டார். கேட்டவர்கள் ஏமாளிகள் என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1915-ன் காதுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு தலைமுறையும் தன் பிரதியை மூலத்துக்குச் சமம் என்று சத்தியம் செய்திருக்கிறது. அடுத்த தலைமுறை அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறது.

ஏ.ஆரைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்றையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் க்ராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்திலும் கேம்பிரிட்ஜின் ஹார்வர்ட் சதுக்கத்திலும் அவர்கள் அறை வைத்திருந்தார்கள். யாரும் போய் உட்கார்ந்து கேட்கலாம். அங்கே விற்பனை கிடையாது. ஐந்து வருஷத்துக்குள் பழுது வந்தால் அனுப்பும் செலவையும் அவர்களே ஏற்றார்கள். வியாபாரத்தில் இப்படி ஒரு நடத்தை எத்தனை இடத்தில் பார்க்கிறோம்? 1967-ல் கம்பெனியை டெலிடைன் என்ற பெரிய நிறுவனத்துக்கு விற்றுவிட்டு வில்ச்சர் வெளியேறினார். ஏ.ஆர்.3ஏ என்ற பெட்டி வெளிவந்ததும் அந்த வருஷம்தான். பன்னிரண்டு அங்குல வூஃபர், நடு ஸ்வரங்களுக்கு ஒன்றரை அங்குலக் குமிழ், உச்சத்துக்கு முக்கால் அங்குலக் குமிழ். வால்நட் மரத்தில் ஒன்றின் விலை 250 டாலர். எடை 53 பவுண்டு. நான் திறந்தது அந்த ரகத்தில் ஒரு ஜோடி.

பாஸ்டனுக்கு மேற்கே இருக்கும் சிற்றூர் ஒன்றில் ஒரு வீட்டு நிலவறையில் அவை கிடந்தன. அமெரிக்கா 1965-ல் குடியேற்றச் சட்டத்தை மாற்றிய பிறகு எஞ்சினியரிங் படிக்க வந்து, அங்கேயே வேலையில் அமர்ந்த ஒரு தமிழர் 1971-ல் வாங்கியவை. ரசீதை அவர் பத்திரமாக வைத்திருந்தார். பெட்டிகள் பிறந்த கேம்பிரிட்ஜ் தார்ண்டைக் தெருவுக்கும் அவை கிடந்த நிலவறைக்கும் இருபது மைல்கூட இராது. அவர் இறந்து சில வருஷமாகிறது. அவர் மனைவியை நான் அக்கா என்று அழைப்பது வழக்கம். வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போவதாக இருந்தார். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார், இதை மட்டும் கொடுக்க மனமில்லை.

“தம்பி, இத தூக்கிப் போடச் சொல்றா மக. அவர் இருந்தா வுடுவாரா? பாடுமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க” என்றார்.

முன் துணியைக் கழற்றியதும் விஷயம் தெரிந்துவிட்டது. வூஃபரின் விளிம்பு இல்லை. இருந்த இடத்தில் கருப்பாக, வெல்லப்பாகு போல ஒட்டும் ஒரு பிசுக்கும் கொஞ்சம் தூளும். வில்ச்சர் காலத்தில் விளிம்பு துணியாக இருந்தது. காற்றுக் கசியாமல் இருக்க அதன் மேல் ஒரு பூச்சு. 1970-ஐ ஒட்டி அதை விட்டுவிட்டு பாலியூரிதேன் ஃபோமுக்கு மாறினார்கள். ஒரே மாதிரி வார்க்கலாம், சீக்கிரம் ஒட்டலாம். காற்றின் ஈரமும் ஆக்ஸிஜனும் அந்த ஃபோமின் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும் என்பது பதினைந்து இருபது வருஷம் கழித்துத்தான் உலகம் முழுவதும் ஒரே சமயத்தில் தெரிந்தது. அறுபது வயதான துணி விளிம்புகள் இன்னும் உழைக்கின்றன. மேலே பூச்சைப் புதுப்பித்தால் போதும். அவற்றுக்குப் பின்னால் வந்த ஃபோம் விளிம்புகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. காற்றையே ஸ்பிரிங்காக நம்பிய பெட்டியில், காற்றை உள்ளே வைத்திருக்க வேண்டிய உறுப்பைக் காற்றே தின்றுவிட்டது.

விளிம்பு மாற்றும் வேலை பொறுமையைக் கேட்பது. பிசுக்கை ஸ்பிரிட் தொட்டுச் சுரண்டி எடுக்க வேண்டும். காகிதக் கூம்பு கிழியக்கூடாது. புது வளையத்தை முதலில் கூம்போடு ஒட்டி ஒரு நாள் காயவிட்டு, பிறகு சட்டத்தோடு ஒட்ட வேண்டும். ஒட்டும்போது கம்பிச் சுருள் காந்தத்தின் இடுக்கில் சரியாக நடுவில் இருந்தாக வேண்டும். இடுக்கு தலைமயிர் சிலவற்றின் கனம்தான். முப்பது சைக்கிள் ஒலி ஒன்றை மெல்லக் கொடுத்து, கூம்பு மூச்சு விடுவதுபோல் அசையும்போது விரலால் நகர்த்தி நகர்த்தி, உரசல் நின்ற இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்வது என் முறை. துணி காயவைக்கும் கிளிப்புகளை வரிசையாகப் போட்டுவிடுவேன். பெட்டிக்குள் மஞ்சள் நிறத்தில் கண்ணாடி நார் திணித்திருக்கும். கையில் பட்டால் இரண்டு நாள் அரிப்பு. சும்மா அடைப்பதற்காக வைத்ததல்ல அது. அமுங்கும் காற்றின் வெப்பத்தை வாங்கித் திருப்பிக் கொடுப்பதால், ஒன்றரை கன அடிப் பெட்டி தன்னைவிடப் பெரிய பெட்டியைப் போல நடந்துகொள்கிறது. எடுத்ததை நிறுத்துப் பார்த்து அதே அளவைத் திரும்ப வைக்க வேண்டும்.

ஒரு பெட்டியில் ட்வீட்டர் ஊமையாக இருந்தது. இந்த ரகத்தில் ட்வீட்டர் செத்துவிட்டது என்று சொல்லித் தூக்கிப்போட்ட பலவற்றில் ட்வீட்டர் சாகவில்லை. பெட்டியின் முதுகில் நடு ஸ்வரத்துக்கு ஒன்றும் உச்ச ஸ்வரத்துக்கு ஒன்றுமாக இரண்டு திருகு குமிழ்கள் உண்டு. உள்ளே கம்பி சுற்றிய வளையத்தின் மேல் ஒரு தகடு உரசும். அந்த இடத்தில் பச்சைக் களிம்பு பூத்துவிடுகிறது. களிம்பு என்றதும் நம் வீட்டுப் பித்தளைக் குடமும் புளியும்தான் ஞாபகம் வந்தன. இங்கே வினிகர் போட்டேன், வேலை ஒன்றுதான். பழைய கண்டென்ஸர்களையும் அளந்தேன். 150 மைக்ரோஃபாரட் என்று எழுதியது 170-ஐத் தாண்டியிருந்தது. 50-ம் 6-ம் அவ்வாறே ஏறியிருந்தன. மெழுகுக் கட்டிக்குள் இருக்கும் காகிதத்துக்கு வயதாகிறது.

இதுவரை தச்சு வேலை. பிரச்சினை பெட்டியின் முதுகில் இருந்தது. வலது பெட்டியின் உச்ச ஸ்வரக் குமிழைச் சுற்றி மரத்தில் மெல்லிய பென்சில் கோடுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் வருஷம்: 1971, 1976, 1983. தொழிற்சாலைக்காரர்கள் இயல்பான நிலை இது என்று குமிழுக்கு அருகில் ஒரு புள்ளி வைத்திருப்பார்கள். முதல் கோடு அந்தப் புள்ளியில். இரண்டாவது அதற்கு மேலே. மூன்றாவது ஏறக்குறைய உச்சியில். எஞ்சினியர் அல்லவா, குறித்து வைத்துவிட்டார். எதைக் குறித்தார்? களிம்பு ஏற ஏறக் குறைந்த ஒலியை ஈடுகட்டிக்கொண்டே போனாரா? அல்லது ஐம்பதை நெருங்கும் மனிதனின் காதில் உச்ச ஸ்வரங்கள் முதலில் அஸ்தமிக்கின்றனவே, அதை ஈடுகட்டினாரா? கோடுகளைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. இரண்டும் சேர்ந்தே நடந்திருக்க வேண்டும். கடைசிக் காலத்தில் அவர் காதில் கருவி வைத்திருந்தார் என்று அக்கா சொன்னார்.

பழைய ஸ்பீக்கர்களைப் புதுப்பிப்பவர்கள் இரண்டு கட்சி. தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைய நிலையே சத்தியம் என்பது ஒரு கட்சி. அதே காலத்துக் கண்டென்ஸரைத் தேடி அலைவார்கள், அதற்கும் அதே வயது ஆகியிருக்கும் என்பதை மறந்து. இன்றைய நல்ல உறுப்புகளைப் போட்டு, வில்ச்சரின் ஆட்கள் இன்று இருந்திருந்தால் எப்படிச் செய்திருப்பார்களோ அப்படிச் செய்துவிடுவோம் என்பது மறு கட்சி. குமிழையே கழற்றிவிட்டு நேராக இணைப்பவர்கள் இவர்கள். மூலபக்தியும் திருத்தும் வெறியும் ஏட்டுச்சுவடிக்காரர்களுக்கு மட்டும் உரியதில்லை என்று எனக்குத் தோன்றியது. இரண்டு கட்சியும் கணக்கில் எடுக்காதது ஒன்று உண்டு. 1971 முதல் ஏறக்குறைய இருபது வருஷம் ஒரு மனிதன் இவற்றின் எதிரே உட்கார்ந்து கேட்டானே, அவன் கேட்ட ஒலி எந்த நிலையைச் சேர்ந்தது? அது தொழிற்சாலையில் யாரும் அளந்த ஒலி இல்லை. களிம்பும் வயதும் பென்சில் கோடும் சேர்ந்து எழுதிய பாடம் அது. அக்காவின் ஞாபகத்தில் இருப்பதும் அதுதான்.

உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் ஒரு பாடத்தை மேலே வைத்து, பிரதிபேதங்களைக் கீழே அடிக்குறிப்பாகக் கொடுத்தார். தான் தள்ளியதைப் பிறர் எடுத்துக்கொள்ள இடம் வைத்தார். ஸ்பீக்கருக்கு அடிக்குறிப்பு கிடையாது. அது ஒரு நேரத்தில் ஒரு பாடத்தைத்தான் பாடும். புதுப்பிப்பவன் ஒன்றைத் தேர்ந்தால் மற்றவை மௌனமாகிவிடுகின்றன.

வில்ச்சர் பிற்பாடு செய்தது இங்கே எனக்கு உதவியது. பெட்டிகளை விட்டபின் அவர் வுட்ஸ்டாக்கில் உட்கார்ந்துகொண்டு காதை எடுத்துக்கொண்டார். செவிப்புலன் பழுதானவர்களுக்கு மெல்லிய ஒலி கேட்காது, உரத்த ஒலியோ நம்மைப் போலவே உரத்துக் கேட்கும். நடுவே இருக்கும் வெளி சுருங்கிவிடுகிறது. எல்லாவற்றையும் ஒரே அளவில் பெருக்கும் கருவி அவர்களுக்குச் சித்திரவதை. ஸ்வர மண்டலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் தேவைக்குத் தக்கபடி சுருக்கிக் கொடுக்க வேண்டும் என்று 1973-ல் எழுதினார். இன்றைய காதுக் கருவிகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வேலை செய்கின்றன. இதற்கு அவர் காப்புரிமை கேட்கவில்லை. ஒரு காது நன்றாகவும் மறு காது பழுதாகவும் இருப்பவர்களை அழைத்து, பழுதான காது கேட்பதைப் போலவே செயற்கையாகக் கெடுத்த ஒலியை நல்ல காதுக்குக் கொடுத்து, இரண்டும் ஒன்றா என்று கேட்டார். மேடையில் நால்வர் குழுவையும் பெட்டியையும் ஒப்பிட்ட அதே பரீட்சை, இப்போது ஒரே தலைக்குள். 2011-ல் தொண்ணூற்று நான்கு வயதில் இறந்தார். ஸ்பீக்கர் செய்த வில்ச்சருக்கு மூலம் மேடையில் இருந்தது. காதுக் கருவி செய்த வில்ச்சருக்கு அது கேட்பவனின் மண்டைக்குள் போய்விட்டது. முன்னவரைவிடப் பின்னவரே பெரியவர் என்பது என் அபிப்ராயம். ஸ்மித்ஸோனியன் மியூஸியத்தில் இருப்பதென்னவோ அவருடைய ஏ.ஆர்.3.

நான் செய்தது இதுதான். கண்டென்ஸர்களை மாற்றினேன், பெட்டியில் எழுதியிருந்த மதிப்புக்கே. பழைய மெழுகுக் கட்டிகளை எறியாமல், கம்பியை மட்டும் அறுத்துவிட்டு அவை இருந்த இடத்திலேயே விட்டேன். குமிழ்களைக் கழற்றி நேராக இணைக்கவில்லை. களிம்பை எடுத்துவிட்டுத் திரும்பப் பொருத்தினேன். திருகுவதற்கு ஒன்று இருக்கட்டும். மரத்துக்கு எண்ணெய் பூசும்போது பென்சில் கோடுகள் இருந்த இடத்தைத் தொடவில்லை. அளந்த எண்களையும் தேதியையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கண்ணாடி நாருக்கு மேலே வைத்து மூடினேன். போட்டது ஃபோம்தானே. இன்னும் இருபது வருஷத்தில் யாரோ ஒருவர் திறந்துதான் ஆக வேண்டும்.

மூடியபின் கூம்பைக் கையால் உள்ளே அழுத்தி விட்டேன். துள்ளித் திரும்பாமல், பெருமூச்சுப்போல் மெல்ல வந்து நின்றது. அப்படி வந்தால் பெட்டி அடைப்பாக இருக்கிறதென்று அர்த்தம்.

அக்கா கேட்டது காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம். அவர் கணவர் அடிக்கடி போடும் எல்.பி. அருணாசலம் 1964-ல் மறைந்தவர். அந்தப் பதிவுகளில் ஏ.ஆர்.3ஏ போன்ற பெட்டிக்கு வேண்டிய ஆழம் இல்லை. பெட்டி சரியாக இருக்க இருக்க ரிகார்டின் எல்லை தெளிவாகத் தெரிந்தது. ஊசியின் இரைச்சல், எந்த வருஷத்து மைக்கோ அதன் மூக்கடைப்பு, எல்லாம். ஆனால் தவிலின் தொப்பியில் குச்சி விழும்போது மட்டும் தரை வழியாக ஏதோ வந்தது. நான் குமிழைத் தொழிற்சாலைப் புள்ளியில், அதாவது 1971 கோட்டில் வைத்திருந்தேன்.

அக்கா கொஞ்ச நேரம் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வேற மாதிரி இருக்கு தம்பி” என்றார்.

“கோட்ட மாத்திப் பாக்கவா அக்கா?”

“நீங்க இருங்க” என்று அவரே பெட்டியின் பின்னால் போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து கோடுகளைத் தடவிப் பார்த்து, 1983-ல் கொண்டுபோய் நிறுத்தினார். களிம்பு போனபின் அந்த இடம் அவர் கணவர் விட்டுப்போன இடம் இல்லை; நாகஸ்வரம் என் பல்லில் இறங்கியது. அக்கா நாற்காலிக்குத் திரும்பி வந்து கையை மடியில் வைத்துக்கொண்டார். பக்கம் முடியும்வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எழுந்து ரிகார்டைத் திருப்பிப் போட்டார்.